மடங்கிய விரல்களை நிமிர்த்திய கொல்லிமலைக்காரர்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் வலக்கை மணிக்கட்டில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. சிறிய சிகிச்சைதான். பல மாதங்களாகவே கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்தன. நள்ளிரவில் விழித்துக் கையை உதறினால்தான் மீண்டும் உறக்கம் வரும். வயது ஏறுகிறது என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். ஆலத்தியூர் வீட்டில் ஒரு நாள் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி வைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் நடுவிரல் நுனியில் கொப்புளம் இருந்தது. அது எப்போது சுட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் என்னை மருத்துவரிடம் அனுப்பியது.

மணிக்கட்டின் உட்புறத்தில் எட்டுச் சிறு எலும்புகள் தளமாகவும், தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரையாகவும் அமைந்த குறுகலான வழி இருக்கிறது. கார்பல் டனல் என்கிறார்கள். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. வழி மேலும் குறுகினால் முதலில் நசுங்குவது நரம்பு. கூரையைக் கீறிவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். கீறுவது சிறிது நேர வேலை. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் விரல்களை மடக்கி, நீட்டி, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொட்டுப் பழக வேண்டும். அந்த வாரங்களில்தான் பால் பிராண்ட் என்ற மருத்துவரின் வாழ்க்கையை முழுமையாகப் படித்தேன். படிக்கப் படிக்க, அறுபது ஆண்டுகளாக மறந்திருந்த ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார்.

சிமெண்ட் ஆலையெல்லாம் வருவதற்கு முந்தைய ஆலத்தியூர் அது. வாரத்தில் ஒரு நாள் அவர் எங்கள் தெருவுக்கு வருவார். திண்ணைக்கு வரமாட்டார், வேப்பமரத்தடியோடு நின்றுகொள்வார். விரல்கள் பருந்தின் கால்போல உள்நோக்கி வளைந்திருக்கும். தூக்குவாளியின் பிடியை விரலால் பிடிக்க முடியாமல் முன்கையில் மாட்டியிருப்பார். அப்பாயி கஞ்சியை மேலிருந்து, சொட்டுகூடத் தன்மேல் தெறிக்காதபடி ஊற்றுவாள். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் தெளிக்கச் சொல்வாள். அப்பாயி கொடுமைக்காரி அல்லள். ஒரு வாரம்கூடக் கஞ்சி இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் அந்த விரல்களை நிமிர்த்த முடியும் என்று அவளுக்குத் தெரியாது. ஊரில் எவருக்கும் தெரியாது. ஒரே இரவுப் பேருந்துப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய வேலூரில், அப்படிப்பட்ட விரல்களை ஒருவர் பல ஆண்டுகளாக நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஜெஸ்ஸியும் எவலினும் ஆங்கிலேய மறைப்பணியாளர்கள். தமிழ் அவருக்குக் குழந்தைப் பருவ மொழி. செருப்பில்லாமல் மலையில் திரிந்தார். மரக்கிளையில் உட்கார்ந்து பாடம் படித்தார். தந்தை முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். ஆனால் மலைமக்களுக்கு அவரே மருத்துவர். நரம்புச் சிலந்திப் புழு நோயால் காலில் சீழ்கட்டி வருபவர்களுக்கு அவர் கட்டியைக் கீறுவதைப் பார்த்த சிறுவனுக்கு, ரத்தமும் சீழும் என்றாலே அருவருப்பு உண்டாயிற்று. தொழுநோயாளிகள் சிலர் மலையேறி வந்த நாளில் தந்தை கையுறை அணிந்து அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டினார். பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். அந்த அச்சத்தைக் குழந்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எங்கள் வேப்பமரத்தடியிலும் குழந்தைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஒன்பது வயதில், 1923-இல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அதன்பின் அவர் காணவில்லை. 1929-இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். செய்தி தந்தியில் விரைந்து வந்துவிட்டது. தந்தை முன்பே எழுதிய கடிதங்களோ கப்பலில் மெதுவாக வந்தன. இறந்தவரின் கடிதங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. பதினான்கு வயதுப் பையன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்திருப்பான் என்பதை நினைத்தால் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை.

மருத்துவம் வேண்டாம் என்று முடிவு செய்த அந்த இளைஞர், கட்டடத் தொழில் கற்றார். தச்சு வேலை, கல் வேலை என்று பல ஆண்டுகள் கருவிகளோடு பழகினார். மலைக்குத் திரும்பி வீடுகள் கட்டித் தருவது அவர் எண்ணம். வெப்பமண்டல நோய்கள் பற்றிய சிறு பயிற்சி ஒன்றில் சேர்ந்தபோதுதான் மனம் மாறியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்து வந்தவர்கள் நடுவே அறுவை சிகிச்சையைக் கற்றார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943-இல் மணந்தார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளிகளின் கண்களைக் காப்பதில் சிறந்து விளங்கினார்; அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

1946-இன் இறுதியில் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அழைத்தவர் தொழுநோய் மருத்துவ அறிஞர் ராபர்ட் காக்ரேன். அடுத்த ஆண்டு காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். எலும்பு, மூட்டு அறுவை மருத்துவர்கள் ஒருவரும் இந்தக் கைகளை ஏன் ஆராயவில்லை என்பது காக்ரேனின் நெடுநாள் ஆதங்கம்.

அந்த நாளில் நடந்தது ஒரு கைகுலுக்கல்தான். விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். செயலிழந்த கைதானே, பலவீனமாக இருக்கும் என்று எண்ணினார். பிடி இரும்பாக இருந்தது. வலி தாங்காமல் அவர் விடச் சொல்ல வேண்டியதாயிற்று. கை செத்துவிடவில்லை. விரலை மடக்கும் தசைகள் முழு வலிமையோடு இருந்தன. அப்படியானால் செயலிழந்தது எது?

அவரும் துணை மருத்துவர்களும் ஆயிரக்கணக்கான கைகளைச் சோதித்தார்கள். தசை தசையாகக் குறித்தார்கள். ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்பத் தெரிந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. நரம்புகள் தோலை ஒட்டி மேலே வரும் இடங்களில், முழங்கைக்குச் சற்று மேலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலும், அவை வீங்கி அழிகின்றன. அதற்கு முன்பே கிளை பிரிந்துவிடும் முன்கைத் தசைகள் தப்பிவிடுகின்றன. அழிவது உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தசைகளே. விரலின் அடிமூட்டை மடக்கி, நுனி மூட்டுகளை நிமிர்த்துவது அவற்றின் வேலை. அவை ஓய்ந்ததும் நீண்ட தசைநாண்கள் எதிர்ப்பின்றி இழுக்க, விரல் கொக்கியாகிறது. கட்டைவிரலும் மற்ற விரல்களை நேர்கொள்ள முடியாமல் ஒதுங்கிவிடுகிறது. தச்சர் கண்ணுக்கு இது கயிறும் கப்பியும் சார்ந்த கணக்காகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கயிறு அறுந்தால், மிச்சமுள்ள கயிறுகளில் ஒன்றைத் திருப்பிக் கட்ட வேண்டியதுதானே.

அதைத்தான் செய்தார். விரல் மடக்க இரண்டு தசைநாண்கள் இருக்கும்போது ஒன்றை எடுத்து, நான்காகப் பிளந்து, நான்கு விரல்களின் பக்கவாட்டில் இணைத்தார். இம்முறையின் அடிப்படை மேலைநாட்டில் முன்பே இருந்தது. தொழுநோய்க் கைக்கு அதைப் பொருத்தி, மாற்றி, விரிவாக்கியது வேலூர். பிறகு, விரலின் பிடியைக் குறைக்காமல் இருக்க, மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றைக் கடன் வாங்கினார். அது விரல்வரை எட்டாது. நீளம் சேர்க்கக் கெண்டைக்காலிலிருந்து மெல்லிய நீண்ட தசைநாண் ஒன்றை எடுத்து ஒட்டினார். கெண்டைக்காலில் அது இல்லாவிட்டாலும் நடக்க இடையூறில்லை; சிலருக்குப் பிறவியிலேயே அது இருப்பதில்லை. பின்னர் வளர்ந்த ஒரு முறையில் அந்தப் புதுக் கயிறு மணிக்கட்டின் அதே குறுகலான வழியினூடே உள்ளங்கைக்குச் சென்றது. என் கையில் திறந்துவிடப்பட்ட வழி அதுதான் என்று படித்தபோது சிறிது நேரம் மணிக்கட்டுத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கத்தி செய்வது பாதிதான். சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் நோயாளி திகைத்துப்போவார். நேற்றுவரை மணிக்கட்டை அசைத்த தசை இன்று விரலை அசைக்கிறது. மூளைக்கு இன்னும் அது தெரியாது. விரல் நிமிர வேண்டுமென்றால் வேறொன்றை நினைக்க வேண்டியிருக்கும். இயன்முறை சிகிச்சையாளர் எதிரே உட்கார்ந்து, மெழுகில் கையை இளக்கி, நாள்தோறும் பொறுமையாகப் பழக்குவார். கையை மூளை மீண்டும் கண்டுபிடிக்கும்வரை அது நடக்கும். எனக்கு ஒரு பட்டை வெட்டியதற்கே மனம் சலித்தது. வேலூரில் அன்று ஒவ்வொரு கைக்கும், பிறகு கட்டைவிரலுக்கும், பிறகு காலுக்கும் என்று மாதக்கணக்கில் சிகிச்சை தொடர்ந்தவர்கள் இருந்தார்கள்.

மருத்துவமனைக்குள் இடம் கிடைப்பதுதான் முதலில் கடினமாக இருந்தது. தொழுநோயாளிகள் வந்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சம் எங்கும் இருந்தது. மருத்துவர்களிடையேயும் ஒரு நம்பிக்கை நிலவியது: தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அது தானே அழுகி விழும், வெட்டினால் ஆறாது. அந்த நம்பிக்கையை உடைத்ததுதான் பிராண்டின் மிகப் பெரிய பணி என்பேன். தசைநாண் மாற்றத்தைவிடவும் பெரியது. வெட்டிய இடம் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறிற்று. ஆறாத புண்ணும், மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் ஆறிற்று. அப்படியானால் விரல்கள் ஏன் குறுகிக்கொண்டே போகின்றன?

விடை ஒரு துருப்பிடித்த பூட்டில் கிடைத்தது. ஒருநாள் பிராண்டால் திருப்ப முடியாத சாவியை ஒரு சிறுவன் வாங்கி எளிதாகத் திருப்பினான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. சாவி எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நோய் விரல்களைத் தின்னவில்லை. வலி என்ற காவல் போய்விட்டதால், கொதிக்கும் பாத்திரமும் மண்வெட்டிப் பிடியின் சிராயும் செருப்பு ஆணியும் அவற்றைத் தின்றன. பிராண்டும் துணைவர்களும் நோயாளிகளின் அன்றாடத்தைத் துப்பறிவாளர்போலப் பின்தொடர்ந்தார்கள். இரவில் உறங்கப்போகும்போது இருந்த விரல்நுனி காலையில் காணாமல் போன சம்பவங்கள்கூட இருந்தன. விழித்திருந்து பார்த்தபோது குற்றவாளி எலி என்று தெரிந்தது. மருந்து: பூனை வளர்ப்பது. மருத்துவ வரலாற்றில் இத்தனை மலிவான மருந்து வேறு உண்டா என்று தெரியவில்லை.

இன்னொரு சிக்கலை எவரும் எதிர்பார்க்கவில்லை. விரல் நிமிர்ந்தவர்களில் சிலர் சோர்ந்த முகத்துடன் திரும்பி வந்தார்கள். முன்பு வளைந்த கையை நீட்டினால் காசு விழுந்தது. இப்போது நல்ல கைக்கு எவரும் போடுவதில்லை. ஆனால் தொழுநோயாளி என்று தெரிந்தால் வேலையும் இல்லை, வாடகைக்கு வீடும் இல்லை. கையைத் திருத்தி ஆளைத் தெருவில் விடுவது சிகிச்சையாகாது என்று பிராண்டுக்குப் புரிந்தது. 1951 வாக்கில் வேலூரில் நவ ஜீவ நிலையம் உருவாயிற்று. இளமையில் வீணாய்ப்போயிற்று என்று அவரே எண்ணியிருந்த தச்சுத் தொழில் அங்கே கைகொடுத்தது. உணர்வற்ற கைக்கேற்ற பருத்த பிடியுடைய கருவிகளைக் கொண்டு மரப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். முகம் காட்ட அஞ்சியவர்களுக்கு மூக்கைச் சீரமைத்தார்கள். உச்சந்தலைத் தோலை எடுத்துப் புருவம் வைத்தார்கள். அந்தப் புருவம் தலைமயிர்போல நீளமாக வளரும், கத்தரிக்க வேண்டும். சிலர் அதைக் கத்தரிக்காமல் பெருமையோடு வளரவிட்டார்களாம். அந்தப் பெருமையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

1952-இல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டர் சொற்பொழிவாளராக, தொழுநோய்க் கையின் மறுசீரமைப்புப் பற்றிப் பேசினார். வேலூரின் ஒரு மூலையில் தொடங்கிய வேலை உலகத்தின் பாடமாயிற்று. 1955-இல் கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. எர்னஸ்ட் ஃப்ரிட்சி போன்றவர்கள் இந்தக் கலையை அங்கே தொடர்ந்தார்கள். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் வாழ்வும் இதே இடத்தில்தான் திரும்பியது. கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் எடுத்துக்காட்ட, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தினார். பின்னாளில் வேலூரின் மறுவாழ்வுத் துறையை உருவாக்கியவர் அவரே.

அஞ்சாதவர் என்று பிராண்டைச் சொல்லிவிட முடியாது. ஒரு முறை நெடும்பயணம் முடிந்து லண்டனில் காய்ச்சலோடு தங்கியபோது, காலுறையைக் கழற்றினார்; குதிகாலில் உணர்வில்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. தொழுநோய் தொற்றிவிட்டது என்று முடிவு செய்து, குடும்பத்தைப் பிரிவதுவரை எண்ணி இரவைக் கழித்தார். காலையில் மீண்டும் குத்தினார். வலி சுரீரென்று ஏறியது. நீண்ட ரயில் பயணத்தில் நரம்பு அமுங்கி மரத்திருந்தது, அவ்வளவே. தன் நோயாளிகள் ஒவ்வொருவரும் அத்தகைய இரவு ஒன்றைக் கடந்துதான் தன்னிடம் வந்திருக்கிறார்கள் என்பது அன்று அவருக்கு உறைத்திருக்கும்.

1966-இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் சுமார் இருபது ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே நீரிழிவு நோயாளிகளின் மரத்துப்போன பாதங்களும் இதே காரணத்தால்தான் புண்ணாகின்றன என்று கண்டு, அவற்றைக் காக்கும் வழிகளைப் பரப்பினார். இன்று நம்மூர் நீரிழிவு மருத்துவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்கிறார்களே, அந்த அறிவுரைக்குப் பின்னால் செங்கல்பட்டு, வேலூர் நோயாளிகளின் பாதங்களும் இருக்கின்றன. கையுறையில் உணரிகளைப் பொருத்திச் செயற்கை வலி ஒன்றை உண்டாக்கவும் அவர் குழு முயன்றது, தோற்றது. எச்சரிக்கை ஒலித்ததும் நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அணைக்க முடியாமல் இருப்பதுதான் வலியின் பயன் என்று அவர் கண்டுகொண்டார். 2003-ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று சியாட்டிலில் காலமானார்.

அவர் தாயாரைப் பற்றி ஒரு சொல். கணவர் இறந்த பின்னும் எவலின் அம்மையார் மலைகளை விடவில்லை. முதுமையில் குதிரையிலும் கைத்தடிகளோடும் கொல்லிமலை, கல்வராயன் மலை, நம் பெரம்பலூருக்கு மேற்கே நிற்கும் பச்சைமலை என்று சுற்றி மருந்து கொடுத்தார். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். பச்சைமலைவரை வந்த அந்தக் குடும்பத்தின் செய்தி, அதற்குக் கிழக்கே இருந்த எங்கள் தெருவுக்கு வரவில்லை.

இப்போதாவது வந்துவிட்டதா என்பதே என் கேள்வி. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து தொழுநோயை ஒழித்துவிட்டதாக 2005-இறுதியில் இந்தியா அறிவித்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதே அதன் பொருள். நோய் இல்லை என்பதல்ல. உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல், இன்றும் இந்தியர்கள். கூட்டு மருந்து இலவசம். சீரமைப்பு அறுவையும் அரசுத் திட்டத்தில் உண்டு. 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணமுறிவு கோரலாம் என்ற பிரிவு 2019-இல்தான் போயிற்று. ஒழிந்தது என்ற சொல்லை நம்பி, வெளிறிய மரத்த தோலைத் தேடும் கண்கள் ஓய்ந்துவிட்டால், நரம்பு அழிந்து விரல் மடங்கிய பிறகே ஆள் தென்படுவார். மருந்து கிருமியைக் கொல்லும்; மடங்கிய விரலை நிமிர்த்தாது. அதற்குக் கத்தி தெரிந்தவரும், எதிரே உட்கார்ந்து மாதக்கணக்கில் பழக்குபவரும் வேண்டும். இயன்முறை சிகிச்சையாளர் பணியிடங்களை வட்ட மருத்துவமனை அளவில் நிரப்புவது, வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளருக்கு ஒரு பஞ்சு நுனியால் உணர்வைச் சோதிக்கும் பழக்கத்தை உறுதிப்படுத்துவது ஆகிய இரண்டும் பெரிய செலவல்ல.

என் விரல்களில் உணர்வு ஏறக்குறைய திரும்பிவிட்டது. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது, வேப்பமரத்தடியில் நின்ற அந்த மனிதரைப் பற்றி என் வயதொத்தவர்களிடம் விசாரித்தேன். நான்கு பேருக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. தூக்குவாளியை முன்கையில் மாட்டியிருந்தது நினைவிருந்தது. எந்த ஊரிலிருந்து வந்தார், எப்போது வராமல் நின்றார் என்று தெரியவில்லை. பெயரைக் கேட்டேன். சிறுவர்களாய் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரைத்தான் நால்வரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.